கடல் கடந்த பட்டமும் யாழ்ப்பாணக் கல்வியும்

இரண்டு ஆண்டுக் காலத்தில் இரு நாடுகளிலே தங்கிப் பயின்று, இரண்டு பல்கலைக்கழகங்களிடமிருந்து பொதுக் கொள்கைத் துறையில் இரு முதுமாணிப் பட்டங்களைப் பெற்றுவிடலாம் என்பது இந்நாளில் மாணவர் செவியில் அடிக்கடி விழும் செய்தி. முதலாண்டு இலண்டன், அடுத்த ஆண்டு பாரிசு. அல்லது முதலாண்டு சிங்கப்பூர், அடுத்த ஆண்டு நியூயோர்க். பல்கலைக்கழகங்கள் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒன்று கற்பித்ததை மற்றொன்று தன் கணக்கில் ஏற்றுக்கொள்வதனால் இது கைகூடுகிறது. இச்செய்தியைக் கேட்கும் யாழ்ப்பாணத்து இளைஞர் இதனைப் பெரும் புதுமை என எண்ணக்கூடும். அவருடைய பாட்டனாரோ பூட்டனாரோ அவ்வாறு எண்ணியிருக்க மாட்டார். ஏனெனில், குடாநாட்டிலே பல்கலைக்கழகக் கல்விக்கென ஒரு வளாகம் அமைந்ததே 1974 ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் நூற்றாண்டுக்கு மேலாக, யாழ்ப்பாணத்தார் பெற்ற பட்டம் எதுவாயினும் அது வெளியிலிருந்தே வந்தது. சென்னையிலிருந்து வந்தது, கல்கத்தாவிலிருந்து வந்தது, இலண்டனிலிருந்து வந்தது. பின்னர்க் கொழும்பிலும் பேராதனையிலுமிருந்து வந்தது. ஊரிலே இருந்து கற்பதும் வேற்றூரின் பெயரால் பட்டம் பெறுவதும் இந்நிலத்துக்குப் பழகிய செயல்.

அந்தப் பழைய கதை வட்டுக்கோட்டையிலே தொடங்குகிறது. அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய கோயிற் கட்டடங்களைச் செப்பனிட்டுப் பணி தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையிலே உயர்கல்விக்கென ஒரு செமினரி நிறுவப்பட்டது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மாணவர் அங்கேயே தங்கி உண்டு உறங்கிப் பயின்றனர். தமிழும் ஆங்கிலமும் வடமொழியும், யூக்கிளிட்டின் கேத்திரகணிதமும், வானியலும், தருக்கமும் அங்கே ஒரே கூரையின் கீழ்ப் போதிக்கப்பட்டன. சமயம் பரப்புதல் அதன் நோக்கம் என்பது வெளிப்படை. எனினும் கல்வியின் தரத்தில் அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

மிசனரிமார் விரும்பியது கல்லூரி என்னும் பெயரும் அதற்குரிய அதிகாரமுமே. குடியேற்ற அரசாங்கம் அதனைக் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் அமெரிக்கர், ஆண்டவர்கள் ஆங்கிலேயர். அந்நியர் நடத்தும் ஒரு பள்ளிக்குப் பட்டமளிக்கும் உரிமையை அரசு எவ்வாறு வழங்கும்? ஆயினும் 1845 தொட்டு இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், வட்டுக்கோட்டைக்குச் சென்று மாணவரைக் கண்டபின், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்ப வைத்தற்குரியது இது என்னும் கருத்தைத் தம் நூலிலே பதிந்தார். அந்நூல் 1850 இல் வெளிவந்தது. அரசாங்கம் கொடுக்க மறுத்த தகுதியை அரசாங்கத்தின் உயர் அதிகாரியே ஏட்டிலே எழுதிக்கொடுத்தார். ஆனால் ஏட்டுப் புகழைக் கொண்டு ஒருவர் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்துக்கொள்ள முடியாதே!

அவ்விரண்டு எழுத்துக்கள் சென்னையிலிருந்து வந்தன. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பி.ஏ. பரீட்சையில் சித்தியெய்திய இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் பழைய மாணவர். ஒருவர் சுதுமலையைச் சேர்ந்த கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டியிலே 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. விசுவநாதபிள்ளை பட்டம் பெறுதற்கு முன்னரே, 1855 இல், வீசகணிதத்தைத் தமிழிலே எழுதி அச்சேற்றியவர். பி.ஏ. பட்டத்துக்கு அமர்ந்த காலத்தில் அவர் நூலாசிரியர்; நெடுங்காலம் பிறருக்குக் கற்பித்தவர். சென்னை அவருக்குப் புதிதாகக் கற்பித்தது அதிகமிராது. அவர் முன்னரே கற்றிருந்ததற்கு முத்திரை குத்திக்கொடுத்தது. கல்வியைக் கொடுத்தது வட்டுக்கோட்டை, பெயரைக் கொடுத்தது சென்னை. இக்காலத்தார் பல்கலைக்கழகக் கூட்டு என்று கூறுவதன் வித்து இதிலே கிடக்கிறது. கூட்டாளிகளில் ஒருவருக்குப் பங்கு எழுதப்படவில்லை என்பதே வேறுபாடு.

தாமோதரம்பிள்ளை 1871 இல் பி.எல். பட்டமும் பெற்றார். ஆக, அவரும் இரண்டு பட்டம் பெற்றவரே. புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தார். ஆயினும் தமிழுலகம் அவரை நினைப்பது நீதிமன்றத்துக்காக அன்று. ஏட்டுச் சுவடிகளிலே செல்லரித்துக் கொண்டிருந்த நூல்களைத் தேடியெடுத்து, படிகளை ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881 இலும், இறையனார் அகப்பொருளை 1883 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தார். சாட்சியத்துக்குச் சாட்சியம் ஒப்பிட்டு உண்மை காணும் வழக்கறிஞர் பயிற்சியும் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடம் காணும் பதிப்பாசிரியர் பயிற்சியும் அவரிடத்தே ஒன்றையொன்று வளர்த்தன எனலாம். இரண்டு பட்டத்தால் ஒருவருக்கு உண்டாகும் பயன் எது என்று கேட்பவர்க்கு இது ஒரு நல்ல விடை.

செமினரியின் முடிவு வேறு விதமாக நிகழ்ந்தது. 1855 இல் அது மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்ற மாணவர் ஊழியத்துக்கும் ஊருக்கும் உதவாது அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போய்விடுகின்றனர் என்பது அமெரிக்காவிலிருந்த சங்கத்தாரின் குறை. இதே குறையை மானிப்பாயிலே ஒருவர் கண்டார். ஆனால் அவர் செய்த முடிவு வேறு. அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் வந்து சேர்ந்த அவர் முதலில் ஆங்கிலத்திலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். பயின்றவர் சம்பளத்தையும் பட்டினத்தையும் தேடிச் செல்வதைக் கண்டு, தமிழிலே கற்பிக்கத் துணிந்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், இரசாயனம் ஆகியவற்றுக்குத் தமிழ் நூல்களைத் தாமும் தம் மாணவருமாக எழுதினர், கலைச்சொற்களை ஆக்கினர். அவரிடம் வைத்தியம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர். அவர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. ஊரிலே நோயாளி இருந்தார். மருந்து தெரிந்த வைத்தியரும் ஊரிலேயே இருந்தார். பட்டமா, பயனா என்னும் வினாவை யாழ்ப்பாணம் இவ்வாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நேருக்கு நேர் சந்தித்தது.

ஊரார் ஆங்கில உயர்கல்வியை விட்டுவிட ஒருப்படவில்லை. அவர்தம் முயற்சியால் 1872 இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பின்னர் அது கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. வங்காள நாட்டிலே வகுத்த பாடத்திட்டத்தை வட்டுக்கோட்டையிலே படித்தனர். 1904 ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் அப்பல்கலைக்கழகங்களின் எல்லைகளை இறுக்கிய பின்னர், இந்தக் கல்கத்தா உறவு தளர்ந்து மறைந்தது. கல்கத்தா போயிற்று, இலண்டன் வந்தது.

இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே ஒரு புதுவழியைத் திறந்திருந்தது. எக்கல்லூரியிலும் சேராமல், எந்த ஊரிலிருந்தும், பரீட்சை ஒன்றையே எழுதிப் பட்டம் பெறலாம் என்பது அவ்வழி. வெளிவாரிப் பட்டம் என்று அது வழங்கிற்று. சர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906 தொட்டு இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று வாதாடினர். 1921 இல் கொழும்பிலே தோன்றியது பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றே. அதன் மாணவரும் இலண்டன் பரீட்சையையே எழுதினர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை அந்நிலை நீடித்தது. அதன் பின்னரும் யாழ்ப்பாணத்தில் இலண்டன் மோகம் தீரவில்லை. வட்டுக்கோட்டைக் கல்லூரியிலே இலண்டன் பட்டத்துக்கென ஒரு பட்டப்படிப்புப் பகுதி நடைபெற்றது. பகலிலே பள்ளியிற் படிப்பித்துவிட்டு இரவிலே விளக்கின் முன் அமர்ந்து இலண்டன் பி.ஏ. பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்த உபாத்தியாயர்கள் குடாநாட்டின் பல ஊர்களிலும் இருந்தனர். பெருஞ் சம்பளமோ நூல்நிலைய வசதியோ அவர்களுக்கு இல்லை. வினாத்தாள் கப்பலில் வந்தது. விடைத்தாள் கப்பலில் சென்றது. முடிவு வருவதற்குப் பல மாதம் ஆயிற்று.

இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துக் கூறுதல் நன்றி மறத்தலாகும். ஏழை உபாத்தியாயரின் விடைத்தாளும் இங்கிலாந்துச் செல்வரின் விடைத்தாளும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. எழுதியவர் எந்தச் சாதி, எந்த ஊர் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் இது சிறிய காரியமன்று. ஆனால் ஒரு குறை அதனோடு பிறந்தது. வினாவைத் தொடுப்பவர் எப்பொழுதும் வேறிடத்திலே இருந்தார். ஆங்கில அரசியலமைப்பின் நுணுக்கங்களை வரி பிசகாமல் எழுதிய ஒருவர், தம் ஊர்க் கிராமச் சங்கத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பரீட்சைக்காக அறிய வேண்டியிருக்கவில்லை. குடாநாடு விடையெழுதும் மண்டபமாய் இருந்ததேயன்றி, வினாவாக அமையவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு வெளியிலிருந்து வந்தவை பட்டங்கள் மாத்திரமல்ல. அவர்தம் வாழ்வை ஆளும் விதிகளும் வெளியிலிருந்தே வந்தன. 1971 இல் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியிலே மொழிவாரியான தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. அவ்வாண்டு 400 புள்ளிகளுக்கு, சிங்கள மொழி மூலம் எழுதியவர் மருத்துவத்துக்கு 229 புள்ளி பெற்றாற் போதும் என்றும், தமிழ் மொழி மூலம் எழுதியவர் 250 பெறவேண்டும் என்றும் எல்லை வகுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மாவட்ட ஒதுக்கீட்டு முறையும் வந்தது. நல்ல பள்ளிகளில்லாத மாவட்டங்களின் மாணவருக்கு அது வழிதிறந்தது என்பது உண்மை; அவற்றுள் வன்னியின் தமிழ்ப் பகுதிகளும் உண்டு. யாழ்ப்பாணத்து மாணவருக்கோ வழி அடைபட்டது. இருபத்தொரு புள்ளி வித்தியாசத்திலே ஓர் இளைஞர் வைத்தியராவதும் ஆகாமற் போவதும், அதற்கு மேலாக ஒரு நாட்டின் அமைதியும் தங்கியிருந்தன. அந்த எண்ணை எழுதிய மேசைக்கு முன்னால் எந்த யாழ்ப்பாணத்து மாணவரும் இருக்கவில்லை. பின்னாளில் கடல் கடந்து படிக்கச் சென்றோர் பலருக்கு முதற் காரணமாய் நின்றது இத்தகைய ஒரு கடதாசியே. 1974 இல் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களிலும் வட்டுக்கோட்டையிலுமாக யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

பொதுக் கொள்கை என்னும் கல்வித்துறை ஆராய்வது இத்தகைய கடதாசிகளையே. அரசு ஒரு விதியை வகுக்கின்றது. அதனால் எவர் பெறுவர், எவர் இழப்பர்? அவ்விதிக்குச் செலவு எவ்வளவு? எதிர்பார்த்த பயன் உண்மையில் விளைந்ததா? வேறொரு வழியாற் குறைந்த துன்பத்தோடு அதே பயனை அடைந்திருக்கலாகாதா? இவற்றை ஆராய்வதற்குப் பொருளியல், புள்ளிவிவரம், சட்டம், நிருவாகம், அரசியல் ஆகிய பல துறைகளிலிருந்தும் கருவிகளை எடுத்துக்கொள்கிறது இது. பழைய பொதுநிருவாகப் பாடம் கச்சேரியை எவ்வாறு நடத்துவது என்று கற்பித்தது. கச்சேரியிலிருந்து புறப்படும் கட்டளை சரியானதுதானா என்று கேட்பது இப்பாடம்.

இத்துறையில் இரட்டைப் பட்டம் எவ்வாறு நடைபெறுகிறது? 2005 இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகமும், இலண்டன் பொருளியற் கல்லூரியும், பாரிசின் அரசியற் கல்வி நிறுவனமும் தம்முள் ஒரு வலையமைப்பை ஏற்படுத்தின. சிங்கப்பூரின் லீ குவான் யூ கல்லூரியும் பேர்லினின் ஹேட்டி கல்லூரியும் தோக்கியோப் பல்கலைக்கழகமும் பின்னர் அதிலே சேர்ந்தன. தனித்தனியே இரண்டாண்டு வேண்டும் பட்டங்களை, இங்கு ஓராண்டும் அங்கு ஓராண்டுமாகப் பயின்று மாணவர் இரண்டையும் பெறுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் ஏற்பாட்டின் கீழும் பொதுக் கொள்கைக்கென ஒரு முதுமாணிப் படிப்பு அமைக்கப்பட்டது. ஹேக் நகரத்துச் சமூக ஆய்வு நிறுவனத்திலோ மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்திலோ முதலாண்டு. இங்கிலாந்தின் யோர்க்கிலோ ஸ்பெயினின் பார்சலோனாவிலோ இரண்டாம் ஆண்டு. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் புடாபெஸ்டிலே இருந்தது. 2017 இல் ஹங்கேரி அரசு இயற்றிய ஒரு சட்டத்தினால் அது அங்கே பட்டப்படிப்பை நடத்த முடியாத நிலை ஏற்பட்டு, 2019 இல் வியன்னாவுக்கு இடம்பெயர நேர்ந்தது. பொதுக் கொள்கையைக் கற்பித்த பள்ளியே பொதுக் கொள்கையினால் ஊர் மாறிற்று. அவ்வாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எந்த விரிவுரையில் வாய்த்திருக்கும்?

இரண்டு பட்டம் என்றதும் இருமடங்கு கல்வி என்று கருதுதல் கணக்குப் பிழை. இரண்டு ஆண்டில் இரண்டு ஆண்டுக் கல்வியே கிடைக்கிறது. அதனை இரு பல்கலைக்கழகங்களும் தத்தம் பட்டத்துக்கு எண்ணிக்கொள்கின்றன. தாள் இரண்டாயிற்றே என்று மகிழ்பவர் பெறுவது அற்பம். இடம் இரண்டாயிற்றே என்று மகிழ்பவர் பெறுவது பெரிது. ஒரு நாட்டில் இயற்கை நியதி போலத் தோன்றும் வழக்கம், மறு நாட்டில் எவரோ ஒருநாள் கூடியிருந்து செய்த முடிவு என்று புலப்படும்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். இப்பட்டங்களின் கட்டணம் யாழ்ப்பாணத்துக் கமக்காரரோ உபாத்தியாயரோ தம் உழைப்பினால் எட்டக்கூடியதன்று. காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் உளர். அது கூடாது என்று அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டோர் பலர் சொல்வதில்லை. புலமைப்பரிசில் இல்லாமல் இதில் இறங்குதல் தகாது. அதிலும் நுணுக்கம் உண்டு. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கே உரியது; இரு நாட்டு ஈராண்டுப் படிப்புக்கு அது உதவாது. படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு தாயகத்தில் இருக்கவேண்டும் என்னும் நிபந்தனையும் அதற்கு உண்டு. எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசிலோ இருநாட்டுப் படிப்புக்கென்றே அமைந்தது, கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவையும் தருவது, எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமையானது. விண்ணப்பத்தில் ஏன் இத்துறை என்று வினவப்படும் இடத்திலே, உலகுக்குத் தொண்டு செய்ய விருப்பம் என்று பொதுப்பட எழுதுவோர் எண்ணிறந்தோர். தம் ஊரின் ஒரு வினாவைத் தெளிவாக எழுதுவோர் சிலரே.

அத்தகைய வினாவுக்கு யாழ்ப்பாணத்திலே பஞ்சமில்லை. தண்ணீர் ஒன்றே போதும். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியிலே பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, நிலத்தின் அடியில் நன்னீர்ப் படலமாக உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் கால்வலியே அளவுகோலாயிருந்தது. இயந்திரம் வந்தபின் அவ்வளவுகோல் போயிற்று. தோட்டங்களிலே இட்ட இரசாயன உரத்தின் நைத்திரேற்றுக் கிணறுகளிற் கலந்தது. பொறியியலாளர் ஆறுமுகம் கடனீரேரிகளை நன்னீர் ஏரிகளாக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆற்றைக் கொடுக்கத் திட்டம் வகுத்தார். அதன் பகுதிகள் தொடங்கப்பட்டன, முழுமை பெறவில்லை. 2010 க்குப் பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொண்டுவர முயன்றபொழுது, அக்குளத்தை நம்பி நெல் விளைவிக்கும் கமக்காரர் மறுத்தனர். குடிப்போரும் தமிழர், விளைவிப்போரும் தமிழர். இரு சாராரின் வழக்கிலும் நியாயம் இருந்தது. ஈற்றிலே கடல்நீரை நன்னீராக்கும் ஆலை ஒன்று தாளையடியிலே அமைக்கப்பட்டு 2024 இல் திறந்துவைக்கப்பட்டது. கடல் வற்றாதது, ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். அப்பணத்தைத் தண்ணீர்க் கட்டணமாகக் குடிப்பவர் செலுத்துவதா, வரியாக நாடு செலுத்துவதா?

இவ்வினாவோடு ஒருவர் ஹேக் நகரத்துக்குச் சென்றால், அங்கே நீரை ஆளுதற்கென்றே மக்கள் தெரிவு செய்யும் சபைகள் நூற்றாண்டுகள் பலவாக இயங்கி வருவதைக் காண்பார். அச்சபைகளுக்குத் தமக்கெனத் தேர்தலும் தமக்கென வரியும் உண்டு. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டினர். புகையிலைக்கும் யானைக்கும் கணக்கு வைத்தனர். அவர்தம் நீர்ச்சபையை இங்கே கொண்டுவந்தாரில்லை. சிங்கப்பூருக்குச் சென்றவரோ வேறொன்றைக் காண்பார். ஆறும் நிலத்தடி நீரும் போதாத அத்தீவு, 1962 இல் செய்த உடன்படிக்கைப்படி 2061 வரை ஜோகூரிலிருந்து நீரை வாங்குகிறது. அக்காலம் முடிவதற்குள் தன் காலில் நிற்க வேண்டும் என்று, கழிவுநீரைத் தூய்மையாக்கி 2003 முதல் மீண்டும் பயன்படுத்துகிறது, கடல்நீரையும் நன்னீராக்குகிறது. தண்ணீரின் விலையிலே அதன் அருமையையும் சேர்த்து வாங்குகிறது. ஒரு நாடு சபையால் ஆள்கிறது. மறு நாடு விலையால் ஆள்கிறது. ஒன்றை மாத்திரம் கண்டவர் அதனையே யாழ்ப்பாணத்துக்கும் விதிக்க முற்படுவார். இரண்டையும் கண்டவர் சற்றுத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்காக இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கொடுக்கலாம்.

பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரையின் பொருளைத் தெரிந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் மாணவருடையது. முன்னாளில் கல்கத்தாவும் இலண்டனும் கொடாத உரிமை இது. வினாத்தாளை இன்று மாணவரே எழுதலாம். ஆயினும் குடாநாட்டிலிருந்து சென்ற மாணவர்கூடச் சில வேளைகளில் பேராசிரியருக்குப் பழக்கமான பொருளை எடுத்துக்கொள்வதுண்டு. நூல்கள் ஆயத்தமாய்க் கிடைக்கும், புள்ளிவிவரம் அட்டவணையாகக் கிடைக்கும், வேலை இலகுவாகும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பற்றி எழுதுவதாயின் அளவைகளைத் தேடி அலைய வேண்டும். கமக்காரரின் வாசலில் நிற்கவேண்டும். அவர் தமிழிற் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். எழுதியதை மீண்டும் தமிழாக்கி அவரிடம் கொடுத்தால்தான் அவருக்குப் பயன். மானிப்பாயிலே கிறீன் வைத்தியரும் அவர்தம் மாணவரும் பட்ட பாடு இதுவே.

தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டிக்கு அண்மையில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அடி காணாக் கிணறு என்று முன்னோர் கூறியது அளந்தபின் பொய்யாயிற்று, அடி உண்டு. மேலே நன்னீர், ஆழத்திலே உப்புநீர். ஒரு நாளைக்கு இவ்வளவு இறைத்தால் நன்னீர் நிற்கும், அதற்கு மேல் இறைத்தால் உப்பு மேலெழும். அந்த அளவு எவ்வளவு, அதனை வகுக்கும் உரிமை கொழும்பிலுள்ள திணைக்களத்துக்கா, மாகாணத்துக்கா, பக்கத்திலே வெங்காயம் நட்டிருக்கும் கமக்காரருக்கா என்பதை ஒரு முதுமாணிக் கட்டுரைக்குரிய பொருளாக எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளும்.